கிளை நூலகத்தின் ஆலோசனைப் பெட்டியில் போட்ட தாளை யார் படிப்பார்கள்?

நொய்யல்கரை:

வணக்கம். நூலகத் துறையில் வேலை பார்த்தவர்கள், நூலகத்துக்குத் துணையாக வாசகர்கள் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் வழி சொல்லுங்கள்.

நான் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பனியன் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. ஊர்க் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் ஞாயிறு திறந்திருக்கும். காலையில் சமையலை முடித்துவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். நான்காம் வகுப்புப் படிக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற வயசு.

அங்கே சிறுவர் புத்தகங்கள் எல்லாம் நூலகர் மேசைக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோவில் பூட்டியிருக்கின்றன. கேட்டால் அவர் முகம் சுளிக்காமல் திறந்து ஒன்றிரண்டை எடுத்துக் கொடுப்பார். "எந்தப் புத்தகம் வேணும் பாப்பா?" என்று கேட்பார். அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாது. பேர் தெரியாத புத்தகத்தைப் பிள்ளை எப்படிக் கேட்கும்? அட்டையைப் பார்த்து, நாலு பக்கம் புரட்டி, வேண்டாமென்று வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால்தானே அது அவளாகத் தேர்ந்தெடுத்த புத்தகம்?

கழிப்பறை இருக்கிறது, அதுவும் பூட்டு. தேர்வுக்குப் படிக்க வரும் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். தலை வலிக்க ஆரம்பித்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவதாக ஒரு பெண் என்னிடமே சொன்னாள்.

அப்புறம் நேரம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் கம்பெனியை விட்டு வெளியே வரும்போது நூலகம் மூடியிருக்கும். பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் மாத இதழ் வரவழைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தேன்.

இதையெல்லாம் ஒரு மஞ்சள் தாளில் எழுதி, பேரும் போன் நம்பரும் போட்டு, வாசலில் மாட்டியிருக்கும் ஆலோசனைப் பெட்டியில் போட்டேன். முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டி அது. மாதங்கள் ஆகிவிட்டன. என் தாள் இன்னும் உள்ளேதான் கிடக்கிறது, வெளியிலிருந்தே தெரிகிறது. நூலகரிடம் கேட்டேன். "சாவி மாவட்ட அலுவலகத்துல இருக்குங்க, ஆய்வுக்கு வர்றப்ப திறப்பாங்க" என்றார்.

அவர் நல்ல மனுஷன். ஒற்றை ஆள். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, பதிவேடு எழுதுவது, காலையில் பெருக்குவது வரை அவரே. அவருக்குச் சங்கடம் வரக் கூடாது. ஆனால் என் மகள் வளர்ந்துகொண்டே போகிறாள். அந்த பீரோவில் இருக்கும் புத்தகங்களுக்கான வயசு அவளுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். இதில் எதை யார் முடிவு செய்கிறார்கள்? யாருக்கு எழுதினால் பதில் வரும்?

குரூப் நாலு:

பெட்டியை நம்பிக் காத்திருக்க வேண்டாம் அக்கா. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கும். நேராகப் போய் மனு கொடுங்கள், பதிவு செய்து நம்பர் தருவார்கள். போக முடியாவிட்டால் முதல்வர் உதவி மைய எண் 1100-க்குப் போன் பண்ணலாம். எங்கள் ஊர் நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற நாங்கள் சேர்ந்து, வெளிச்சம் போதவில்லை என்று மனு கொடுத்தோம். மனு மாவட்ட நூலக அலுவலருக்குப் போனது, டியூப் லைட் வந்தது. பழைய பாடத்திட்டப் புத்தகங்களை மாற்றித் தரச் சொன்னதற்கு "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி வந்தது, அதோடு சரி.

பழைய நூலகர்:

தங்கச்சி, நான் தென்மாவட்டம் ஒன்றில் ஊர்ப்புற நூலகராகச் சேர்ந்து கிளை நூலகராக ஓய்வு பெற்றவள். அந்தத் தம்பி சொல்கிற கலெக்டர் மனு கடைசி வழியாக இருக்கட்டும். மனு போனால் "விளக்கம் தருக" என்று முதல் காகிதம் வருவது உங்கள் நூலகருக்குத்தான். அவர் கையில் இல்லாத விஷயத்துக்கும் அவர்தான் உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்கும்.

உங்கள் தாளில் உள்ளவை வேறு வேறு மேசைக்குப் போக வேண்டியவை. பெட்டிக்குள் ஒரே தாளாகக் கிடந்தால் எந்த மேசையும் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளாது.

பீரோவைத் திறப்பது நூலகர் கையில் இருக்கிறது. அவர் பூட்டி வைத்திருப்பது பயத்தால். இருப்புச் சரிபார்ப்பு வரும்போது சேர்க்கைப் பதிவேட்டில் உள்ள எண்ணுக்குப் புத்தகம் இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில், ஓர் ஆண்டில் வாசகர் கைக்குப் போகும் 1,000 நூலுக்கு 5 நூல் தொலைவதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி. ஊர் நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வரும்? தொலைந்த புத்தகத்தைக் கைக்காசு போட்டு வாங்கி அடுக்கில் வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று சொல்லப்படும், சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. நூலக அறிவியல் படித்த நாங்கள் எல்லாரும் அதைப் பரீட்சையில் எழுதித்தான் தேறினோம். வேலையில் சேர்ந்த அன்றைக்குக் கையில் கொடுப்பது சாவிக்கொத்து. ஆகவே உங்கள் நூலகருக்கு இப்போது வேண்டியது ஒரு காகிதம். "சிறுவர் நூல்களைத் திறந்த அடுக்கில் வைக்க வேண்டும், ஞாயிறுதோறும் பெற்றோர் இருவர் அந்த மூலையில் இருந்து பார்த்துக்கொள்வார்கள்" என்று வாசகர் வட்டத்தில் தீர்மானம் போட்டுக் கையெழுத்தோடு கொடுங்கள். நாளைக்கு ஒரு கதைப் புத்தகம் குறைந்தால் எடுத்துக் காட்ட அது இருக்கும். நானும் இப்படித்தான் திறந்தேன். பிள்ளைகள் இடுப்பு உயரத்துக்கு ஓர் அடுக்கு வைத்தோம். சில புத்தகம் கிழிந்தது. ஒட்டினோம், தைத்தோம், அதற்குமேல் ஆகாததைக் கழிவு நூலாக எழுதினோம். பிள்ளைகள் படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்தைக் கழிக்கும்போது எனக்கு வருத்தமே வந்ததில்லை. பீரோவுக்குள் கரையான் தின்றதைக் கழித்த அன்றைக்குத்தான் சோறு இறங்கவில்லை.

கழிப்பறை, மாவட்டத்து நூலகங்களை நிர்வகிக்கும் மாவட்ட நூலக ஆணைக்குழுவின் விஷயம். உங்கள் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று தனியே இருக்கும். சொத்து வரி 100 ரூபாய் என்றால் நூலக வரி 10 ரூபாய். சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் நம் மாகாணத்தில் 1948-ல் வந்தது. யோசனை ரங்கநாதனுடையது. அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதை நிறைவேற்றியவர் அவினாசிலிங்கம் செட்டியார், உங்கள் திருப்பூர்க்காரர். நூலகம் யாருடைய தயவிலும் நடக்கக் கூடாது, அதற்கென்று ஒரு வருமானம் வேண்டும் என்றுதான் வரியைச் சட்டத்திலேயே வைத்தார்கள். விகிதம் பிற்பாடு உயர்ந்தது. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி வசூலித்து ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆகவே கூசாமல் கேளுங்கள், உங்கள் பணம் அதில் இருக்கிறது.

ஆனால் "கழிப்பறையைத் திறக்கவும்" என்று மட்டும் எழுதினால் காகிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏன் பூட்டியிருக்கிறது என்று முதலில் நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தண்ணீர் இணைப்பு இருக்காது, அல்லது சுத்தம் செய்ய ஆள் இருக்காது. தண்ணீர் என்றால் உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆள் என்றால், பகுதி நேரத் துப்புரவாளருக்கு மாதச் சம்பளம் ஒதுக்கும்படி மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத வேண்டும். வாடகைக் கட்டடம் என்றால் உரிமையாளரைப் பிடிக்க வேண்டும். புதிதாகவே கட்டுவதானால் நமக்கு நாமே திட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் திரட்டினால் மீதியை அரசு தரும். உங்கள் ஊரில் கம்பெனி முதலாளிகள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

நேரத்தை மாற்றுவது நூலகர் கையில் இல்லை. ஒற்றை ஆளை வைத்துக்கொண்டு ராத்திரி வரை திற என்று கேட்கவும் எனக்கு மனசு வராது. எங்கள் ஊரில் வாசகர் வட்டத்தில் இருவர் பொறுப்பெடுத்துக்கொண்டார்கள், அலுவலர் எழுத்தில் அனுமதி கொடுத்தார். உள்ளறையைப் பூட்டிவிட்டு முன் வராந்தாவில் மட்டும் விளக்குப் போட்டு, அன்றைய நாளிதழ்களையும் வார இதழ்களையும் வைத்தோம். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வருகிற ஆட்கள் வந்து படித்தார்கள். புத்தகம் எடுக்க முடியாதுதான். ஆனாலும் வந்தார்கள்.

இதழ்களின் பட்டியல் மாவட்ட அலுவலகத்தில் முடிவாகிறது. கிளை நூலகர் தன் இஷ்டத்துக்கு ஒன்றைச் சேர்க்க முடியாது. ஆனால் யாராவது ஓர் ஆண்டுச் சந்தாவை நூலகத்தின் பேருக்குக் கட்டிவிட்டால் இதழ் தபாலில் நேராக வந்துவிடும். இது உங்கள் கோரிக்கைகளில் மிகச் சுலபமானது, இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

புத்தகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புத்தகம் வரவில்லையென்றால் வாசகர்கள் கிளை நூலகரைத்தான் கோபிக்கிறார்கள். நூல் கொள்முதல் முடிவாவது சென்னையில். பதிப்பாளர்கள் விண்ணப்பித்து, தேர்வுக் குழு பார்த்து, வாங்கியதை மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள். கட்டு வந்து பிரிக்கும்போதுதான் எங்களுக்கே தெரியும் உள்ளே என்ன இருக்கிறதென்று. 2024-ல் வெளிப்படையான நூல் கொள்முதல் கொள்கை என்று அரசு கொண்டுவந்து, பதிப்பாளர்கள் இணையதளத்தில் பதிவு செய்கிற மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் அது இல்லை. குறிப்பிட்ட புத்தகம்தான் வேண்டுமென்றால் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று நூலகரைக் கேட்கச் சொல்லுங்கள். அங்கே இருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அல்லது நன்கொடையாகக் கொடுக்கலாம், முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வார். வீட்டைக் காலி பண்ணும்போது பழைய கைடுகளை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் கேட்கிற புத்தகம் ஒன்று போதும்.

இனி பெட்டி. பூட்டின பெட்டியில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை இருந்ததில்லை. என் நூலகத்தில் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே நீளமான கணக்கு நோட்டு ஒன்றைக் கயிறு கட்டிப் போட்டிருந்தேன். இடது பக்கம் வாசகர் எழுத வேண்டும், வலது பக்கம் நான். பதில் எழுதிய நாளும் என் கையெழுத்தும் இருக்கும். யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

வார இதழில் நடுப்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். "இன்று முதல் இதழ்களை நடுவில் நூல் போட்டுத் தைத்து வைக்கிறேன்" என்று எழுதி, அன்றைக்கே கோணி ஊசி வாங்கினேன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுகிறது என்று ஒரு பெரியவர். "அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்" என்று எழுதினேன். அடுத்த மாதம் அதற்குக் கீழேயே "நினைவூட்டு அனுப்பினேன்". அதற்கும் கீழே "பதில் இல்லை". அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, தினமும் பேப்பர் படிக்க வரும் ஒயர்மேன் ஒருவர் ஏணியோடு வந்து பேரிங்கை மாற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலே வந்தார். கடிதத்தை நான் மட்டும் பைலில் வைத்திருந்தால் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

குறிப்பிட்ட கட்சிப் பத்திரிகை ஒன்றை நிறுத்தச் சொல்லி எழுதுவார்கள். ஒரு மாதம் ஒரு கட்சிக்காரர், அடுத்த மாதம் எதிர்க்கட்சிக்காரர். "நிறுத்த மாட்டேன். அதைப் படிக்க வருகிறவரும் நூலக வரி கட்டுகிறார்" என்று எழுதினேன். அந்தப் பதிலை ரெண்டு தரப்பும் படித்தார்கள், அதனால் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. பெண்களுக்குத் தனி மேசை கேட்டு ஒரு கல்லூரிப் பெண் எழுதினாள். சன்னலோரம் போட்டுக் கொடுத்தேன். "ஆண்கள் உட்கார்ந்தால் என்னிடம் சொல்லு, நான் எழுப்புகிறேன்" என்று எழுதினேன், எழுப்பவும் செய்தேன்.

முடியாது என்று எழுதிய பதில்கள்தான் அந்த நோட்டில் அதிகம். அதற்காக யாரும் என்னோடு சண்டைக்கு வந்ததில்லை. காரணம் எழுதியிருந்தது, யார் முடிவு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருந்தது, அவ்வளவுதான் ஜனங்கள் கேட்கிறார்கள். ஆய்வுக்கு வந்த அலுவலர் முதல் தடவை, நிலுவையை எல்லாம் இப்படி ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று முகம் சுருக்கினார். அப்புறம் அவரே அந்த நோட்டை வைத்துத்தான் எங்கள் கிளைக்கு என்ன தேவை என்று குறிப்பு எடுத்துக்கொண்டு போனார். உங்கள் நூலகரிடம் பேசிப் பாருங்கள். பெட்டிச் சாவி எங்கேயாவது இருக்கட்டும். நோட்டுக்குச் சாவி வேண்டாம்.

நொய்யல்கரை:

அம்மா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. சொத்து வரி ரசீதைப் பார்த்தேன், நூலக வரி இருக்கிறது. இத்தனை வருஷமாகக் கட்டுகிறோம், கவனித்ததே இல்லை. எங்கள் நூலகத்தில் வாசகர் வட்டம் என்று சுவரில் ஒரு பலகை இருக்கிறது. தலைவர் பேர் எழுதியிருக்கிறது, அவர் ஊரை விட்டுப் போய் வெகுநாள் ஆகிறதாம். கூட்டம் நடந்து நான் பார்த்ததில்லை. இதை எப்படி மறுபடி எழுப்புவது?

கரிசல் மண்:

நான் விருதுநகர் பக்கம். எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்துக்குப் பொருளாளர். பழைய நூலகர் அம்மா சொல்வதில் எனக்கு ஓர் இடத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. எல்லா நூலகரும் பயத்தால் பூட்டுவதில்லை. வாசகர் வந்து கேட்பதையே தொந்தரவாக நினைப்பவர்களும் உண்டு, எங்களுக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அப்போது நோட்டு வைக்கச் சொன்னாலும் வைக்க மாட்டார். வட்டம் வலுவாக இருந்தால்தான் யார் மாறுதலாகி வந்தாலும் வேலை நடக்கும்.

எழுப்புவது கஷ்டமில்லை அக்கா. நூலகர்தான் கூட்ட வேண்டும், அவரிடம் தேதி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிற அம்மாக்கள் நாலு பேர், தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் ரெண்டு பேர், தினமும் பேப்பர் படிக்கிற பெரியவர் ஒருவர் வந்தால் போதும். பழைய தலைவருக்குத் தகவல் சொல்லிவிட்டுப் புதியவரைத் தேர்ந்தெடுங்கள். தீர்மான நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். 1,000 ரூபாய் கட்டினால் நூலகப் புரவலர் ஆகலாம், பலகையில் பேர் எழுதுவார்கள். புதிதாகக் கடை திறக்கிறவர்கள், பிள்ளைக்கு வேலை கிடைத்தவர்கள் என்று தேடிப் போய்க் கேட்டால் கொடுக்கிறார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை. வட்டம் என்றால் புத்தக வெளியீட்டு விழா, பொன்னாடை, மேடையில் எட்டுப் பேர் என்று ஆகிவிடும். எங்களுக்கு ஆகிப்போனது. மாதக் கூட்டத்தில் முதல் வேலை கோரிக்கை நோட்டை வாசிப்பது, அதற்குப் பிறகுதான் பேச்சு என்று விதி போட்ட பிறகு சரியானது.

அப்படி வாசித்தபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. கவிதை நூல்களாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, இடுப்பு எலும்பு முறிந்த பிறகு வருவதில்லை. அவர் மகன் வந்து எழுதியிருந்தார், "என் தாயாருக்குப் புத்தகம் வீட்டுக்கு வருமா?" என்று. நூலக நண்பர்கள் என்று அரசுத் திட்டமே இருக்கிறது, தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் பதிவு செய்திருக்கவில்லை. கல்லூரிப் பையன்கள் ரெண்டு பேர் சேர்ந்தார்கள். இப்போது அந்தத் தெருவில் இன்னும் சில வீடுகளுக்கும் போகிறது. படியேற முடியாதவர்கள் ஆலோசனைப் பெட்டி வரை எப்படி வருவார்கள்? அவர்களுக்காக வேறு யாராவதுதான் எழுத வேண்டும்.

கழிப்பறைக்கு அலுவலகம் பதிலே தரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். உங்கள் ஊரிலிருந்து நூலக வரியாகக் கடந்த நிதியாண்டில் எவ்வளவு போனது, உங்கள் கிளைக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு செய்தார்கள் என்று ரெண்டே கேள்வி. 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பில் இதைச் செய்யாதீர்கள், நூலகர் தன்னைச் சந்தேகப்படுவதாக நினைப்பார்.

குரூப் நாலு:

நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன் அம்மா. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. எங்கள் கிளையில் சொந்தப் புத்தகத்தோடு உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். நோட்ஸ் இல்லாமல் எப்படிப் படிப்பது?

பழைய நூலகர்:

கரிசல் மண் சொல்வது சரிதான், அப்படிப்பட்டவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு. எனக்கு அதில் வெட்கம்தான்.

தம்பி, தடுப்பதற்குக் காரணம் உன் புத்தகமும் நூலகப் புத்தகமும் கலந்துவிடும் என்பது. நூலகப் புத்தகத்தில் முத்திரை இருக்கும், உன்னுடையதில் இருக்காது, வெளியே போகும்போது பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு தாளில் நீ கொண்டுவரும் புத்தகங்களின் பேரை எழுதி நூலகரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போ, திரும்பும்போது அதை வைத்துச் சரிபார்க்கட்டும். நான் அப்படித்தான் விட்டேன். நீங்கள் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும்.

தங்கச்சி, உங்கள் நூலகருக்குக் கொடுக்க ஒரு மாதிரி எழுதித் தருகிறேன், உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்.

"பெறுநர்: கிளை நூலகர். பொருள்: சிறுவர் நூல்களைத் திறந்த அடுக்கில் வைப்பது. ஐயா, நம் நூலகத்துக்கு ஞாயிறுதோறும் பிள்ளைகளுடன் வரும் பெற்றோர்கள் நாங்கள். பீரோவில் உள்ள சிறுவர் நூல்களைப் பிள்ளைகள் தாங்களே எடுத்துப் பார்க்கும்படி ஞாயிறு காலையில் மட்டுமாவது வெளியே வைக்க வேண்டுகிறோம். அந்நேரம் எங்களில் இருவர் அங்கே இருந்து, மூடும்போது நூல்களை எண்ணி ஒப்படைப்போம். அடுக்கு செய்யும் செலவை நாங்கள் ஏற்கிறோம். தங்கள் முடிவை, இயலாதெனில் அதன் காரணத்தை, இக்கடிதத்தின் கீழேயே எழுதித் தரக் கோருகிறோம்."

ஞாயிறு காலை மட்டும் என்று கேளுங்கள், முழுநேரமும் என்று கேட்காதீர்கள். ஒரு வேளை திறந்து வைத்துப் பார்த்து ஒன்றும் தொலையவில்லை என்று தெரிந்தால் அவரே மற்ற நாளும் திறப்பார். கழிப்பறைக்கு எழுதுவது தனிக் கடிதம், மாவட்ட நூலக அலுவலர் பேருக்கு. ரெண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். அலுவலகத்தில் நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் நாளோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் என்றால் ஒப்புகையோடு அனுப்புங்கள். நகல் ஒன்றை உங்கள் நூலகரிடமும் கொடுத்துவிடுங்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் அவருக்கு விஷயம் முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

நொய்யல்கரை:

அடுக்குச் செலவுக்கு எங்கள் கம்பெனி தையல் பிரிவு அக்கா ஒருவர் பணம் தருகிறேன் என்று சொல்லிவிட்டார், அவர் பேரனும் அங்கே வருகிறான். இதழ் சந்தா நான் கட்டிவிடுகிறேன். கடிதத்தை இந்த ஞாயிறு கொடுக்கிறேன். பதில் எப்படி வந்தாலும் இங்கேயே போடுகிறேன் அம்மா.